கடலோரச் சாலையில் கை காட்டியவர்கள்

முதல் நாள் மூன்று மணி நேரம் வேனில் போனோம். வழியில் சாலையோரம் பார்த்த மனிதர்கள் இரண்டு பேர் என்பது என் கணக்கு. என் கணவர் மூன்று என்றார்.

என் இரண்டு பேரில் ஒருவர், வாசல் தபால் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த பெரியவர். இன்னொருவர் நாயோடு நடந்துபோன பெண். மூன்றாவது ஆள் யார் என்று கேட்டேன்.

"மஞ்ச ஜாக்கெட் போட்டுகினு ஒரு பொண்ணு. பாலத்தாண்ட நின்னுகினு இருந்துச்சு. கை காட்டுச்சு. நீ பாக்கல?"

நான் பார்க்காமல் விடுவதாவது. பதினோரு வருஷமாக எனக்குச் சம்பளமே பார்ப்பதற்குத்தான். ஒரகடம் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியில், விளக்கடியில் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கீறல் கண்டுபிடிக்கிற வேலை. தலைமுடியில் பாதி அளவு கீறல் இருந்தாலும் என்னைத் தாண்டிப் போகாது. அந்தப் பாலத்தில் யாரும் இல்லை. "ஓ, அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்னால் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்தப் பயணம் எப்படி வாய்த்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் திவ்யா மெல்போர்னில் நர்ஸாக இருந்தாள். பிரிஸ்பேனுக்கு வேலை மாறியதும் குடும்பத்தோடு விமானத்தில் போய்விட்டாள். அவர்கள் வாங்கி வைத்திருந்த பழைய கேம்பர் வேன் மெல்போர்னிலேயே நின்றுவிட்டது. படுக்கை, அடுப்பு, தொட்டி, அலமாரி என்று ஒண்டுக் குடித்தனம் மொத்தமும் உள்ளே அடங்கிய வண்டி. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. "அப்பா ஓட்டிகினு வரட்டுமே, ரெண்டு பேரும் ஊர் பாத்த மாதிரியும் இருக்கும்" என்றாள். அவள் அப்பா எட்டு மாதமாக ஏன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. முட்டி வலியால் ஓய்வில் இருந்தார், இப்போது சரியாகிவிட்டது என்று சொல்லி வைத்திருந்தோம்.

என் கணவர் ஏழுமலை, வடக்குப்பட்டுக்காரர். பதினெட்டு வருஷம் கம்பெனி பஸ் ஓட்டினார். காலை ஷிப்டுக்குப் படப்பையில் எடுத்தால் ஒன்பது நிறுத்தம், நாற்பத்தைந்து பேர். ஏறும்போது ஒவ்வொருவரும் அடையாள அட்டையை ஒரு கருவியில் வைப்பார்கள், அது 'டிங்' என்னும். ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு நிமிஷம். அதற்கு மேல் நிற்கக்கூடாது, நின்றால் கம்பெனி வாசலில் நேரம் தப்பி எல்லோருக்கும் அரை நாள் சம்பளம் போய்விடும். இது அவர் போட்ட சட்டமில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விடிகாலை, கம்பெனிப் பெண்கள் ஹாஸ்டல் நிறுத்தத்தில் இரண்டு நிமிஷம் ஆனதும் வண்டியை எடுத்திருக்கிறார். கண்ணாடியில் ஒரு பெண் மஞ்சள் ஜாக்கெட்டோடு ஓடிவருவது தெரிந்திருக்கிறது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், பெயர் முத்துக்கனி. "வாரேன்ணே, நில்லுங்கண்ணே" என்று கத்தியது காதில் விழுந்தும் இருக்கிறது. ஏற்கெனவே நேரமாகிவிட்டதே என்று நிற்காமல் போய்விட்டார். அந்தப் பெண் யாருடைய பைக்கிலோ ஏறி வந்து, ஒரகடம் கூட்டு ரோட்டில் லாரியில் மாட்டிச் செத்துப்போனாள். யாரும் இவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். மறுநாள் வண்டி எடுத்தவர், ஆளே இல்லாத இடங்களில் எல்லாம் நிறுத்திக் கதவைத் திறந்தார். நான்காவது நாள் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

பஸ் கான்ட்ராக்டர் நல்ல மனிதர். நாங்கள் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாப்பத்தஞ்சு உசுரும்மா. அண்ணன் ஓட்டலாமா கூடாதான்னு நீயே பாத்துட்டு வந்து சொல்லு. உன் கண்ணை நம்பறன்" என்றார். ஆக, மற்றவர்களுக்கு இது சுற்றுலா. எனக்கு இது ஒரு இன்ஸ்பெக்ஷன். ஓட்டாமல் இருந்தால் இந்த மனிதர் படுத்தே போய்விடுவார். ஓட்டி, அங்கே இல்லாத ஆளுக்காக நடுரோட்டில் பிரேக் போட்டாரென்றால் நாற்பத்தைந்து குடும்பம். ஓகே, ரிஜெக்ட் என்று இரண்டு ஸ்டிக்கர்தான் என்னிடம் உண்டு. எதை ஒட்டுவது?

இரண்டாம் நாள் கடல் கூடவே வந்தது. நம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றாலே பஜ்ஜி, சுண்டல், செல்பி என்று ஆள் நெரியும். இங்கே கண்ணுக்கெட்டும்வரை வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், ஒரு ஆத்மா இல்லை. குளிர்காலம் என்பதால் இப்படி என்றார்கள். ஊர்களும் அப்படித்தான். கடைத்தெரு இருக்கிறது, பூந்தொட்டி இருக்கிறது, விளக்கு எரிகிறது, மாலை ஐந்து மணிக்கு எல்லோரையும் யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டதுபோல் இருக்கிறது. கங்காருவை உயிரோடு பார்த்ததைவிட சாலையோரம் செத்துக் கிடந்து பார்த்ததே அதிகம். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் எனக்குப் பயமாக இருந்தது.

அங்கே பொதுக் கழிப்பறைகூடப் பேசுகிறது. உள்ளே போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டு, "கதவு பூட்டப்பட்டது. உங்களுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது" என்று ஒரு ஆண் குரல் சொல்லி, பியானோ வாசிக்க ஆரம்பித்தது. நான் மூன்று நிமிஷத்தில் வெளியே ஓடிவந்தேன். இவர் வாசலில் நின்று சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அதற்காக அந்தக் குரலை மன்னித்தேன்.

அன்று சாயங்காலம் வேன்கள் தங்கும் இடமொன்றில் நிறுத்தினோம். அலுவலகத்துப் பெண்மணி நாங்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பார்த்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "மூன்று பேர் என்று போட்டிருக்கிறதே, இன்னொருவர் வேனிலேயே இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

படிவத்தை நிரப்பியவர் இவர். தப்பாகிவிட்டது என்று சொல்லி, அடித்து, இரண்டு என்று எழுதினேன். வெளியே வந்ததும் கேட்டேன், "இன்னாங்க, மூணுன்னு போட்டீங்க?"

"வண்டில எத்தினி பேருன்னு கேட்டாங்க. எண்ணிப் பாத்துதான் போட்டன்" என்றார். முகத்தில் ஒரு தப்பும் தெரியவில்லை, பள்ளிக்கூடப் பையன் கணக்குக்கு விடை சொன்ன மாதிரிதான் இருந்தது. சோறு வடித்து, ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்தேன்.

மூன்றாம் நாள் எரிந்த காடு. ஏதோ ஒரு வருஷத்துத் தீயில் மைல் கணக்காக வெந்துபோன மரங்கள், அடியிலிருந்து நுனிவரை கரி. ஆனால் சாகவில்லை. கிளையில் துளிர்க்காமல் நடுமரத்தைச் சுற்றியே இலை முளைத்து, மரத்துக்கெல்லாம் மயிர் வளர்ந்ததுபோல் நின்றன. அந்தக் காட்டுக்குள் இவர் இரண்டு முறை நிறுத்தினார்.

நிறுத்துகிற விதத்தைச் சொல்ல வேண்டும். இடது பக்கம் நிதானமாக ஒதுங்குவார், கண்ணாடி பார்ப்பார், இடது கையை முன்பலகைக்கு நீட்டி ஒரு பொத்தானை அழுத்துவார். கம்பெனி பஸ்ஸில் அந்த இடத்தில் இருப்பது கதவு திறக்கும் பொத்தான். இந்த வேனில் அங்கே இருந்தது அபாய விளக்கின் பொத்தான். ஆளில்லாத காட்டுச் சாலையில் வேன் நான்கு பக்கமும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். இவர் பஸ்ஸில் படிக்கட்டு இருக்கிற பக்கம் திரும்பி, யாரோ ஏறி உட்காரும் நேரம்வரை காத்திருப்பார்.

"யாரும் இல்ல. கெளம்புங்க" என்றேன் முதல் முறை. கிளம்பினார்.

இரண்டாவது முறை எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது கோபம்கூட இல்லை, பயம். "யாருமே இல்லீங்க. என் கண்ணு மேல சத்தியம். இன்னொரு வாட்டி இப்டி நிறுத்தினீங்கன்னா சாவியை வாங்கிக்குவன். திவ்யா கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவன். அப்புறம் பஸ்ஸு, வண்டி, எதுவும் கெடையாது."

"சரி" என்றார். கியர் போட்டார். கிளம்பும்போது கண்ணாடியைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்று சொன்னது என்னிடம் இல்லை.

நான்காம் நாள் மதியம் சாலையோர மேசை ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் லின், கென் என்று ஒரு வயதான தம்பதி. வீட்டை விற்றுவிட்டு வேனிலேயே வாழ்கிறார்களாம். லின் எங்களுக்கு, உள்ளே கறி வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டம் ஆளுக்கொன்று கொடுத்தார். நம்மூர் பப்ஸுக்குப் பெரியப்பா மாதிரி இருந்தது. நான் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தேன். கென் அதை ஜாம் மாதிரி ரொட்டியில் தடவிக் கடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

அங்கேதான் அந்தச் சத்தம். டிங். பின்னால் இன்னொரு டிங். பிறகு காடு முழுவதும் நூற்றுக்கணக்கில், ஓயாமல். ஏதோ குருவி, நான் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. இவர் கையிலிருந்த பண்டத்தை அப்படியே கீழே வைத்தார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"ஏறிகினே கீறாங்க கௌரி" என்றார். "கார்டு வச்சிகினே கீறாங்க. நிக்கவே மாட்டேங்குது. இத்தினி பேரை எங்க உக்கார வெக்கறது?"

கென்னுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. அவர் பாட்டுக்கு, "அழகான சத்தம், இல்லையா? ஆனால் அந்தக் குருவி வேறு பறவைகளை விடாது. அது குடியேறிய மரங்கள் மெல்லமெல்லச் செத்துப்போகும்" என்றார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிவு செய்துவிட்டேன். ரிஜெக்ட் ஸ்டிக்கர்தான். ஊருக்குப் போனதும் கான்ட்ராக்டரிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதருக்கு அதை ஒட்டுவதற்குக் கை வருமா என்றுதான் தெரியவில்லை. அழுதேன். லின் ஊறுகாய் காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் கிளம்பினோம். பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம். இரண்டு பக்கமும் மலைச்சரிவுகளை மொத்தமாக வெள்ளை வலை போட்டு மூடியிருந்தார்கள். அடியில் ஏதோ பழத் தோட்டமாம். எனக்கு அது முகத்தை மூடிப் படுக்க வைத்ததுபோல் இருந்தது. ஊரில் அந்நேரம் ஒரகடம் சாலையில் பஸ் பின்னால் பஸ்ஸாக நிற்கும், டீக்கடையில் கை நுழையாது. இங்கே எங்கள் வேனின் சத்தம் மட்டும்.

இவர் இடது பக்கம் ஒதுங்கினார். கண்ணாடி பார்த்தார். பொத்தானை அழுத்தினார். அபாய விளக்கு பனியில் மஞ்சளாக அடித்தது.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். முன்னால் பார்த்தேன், பக்கத்தில் பார்த்தேன். வேலி, புல், பனி. கையை நீட்டினேன். இவர் சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு ஸ்கூட்டி தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. சாவியை வாங்கியபிறகு என்ன செய்வதென்று நான் யோசிக்கவே இல்லை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பின்னாலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. தார்ச்சாலையில் ஆள் ஓடிவருகிற சத்தம்.

கதவுக் கண்ணாடியில் ஒரு கை பட்டது. என் உயிர் ஒரு நிமிஷம் என்னிடம் இல்லை. மஞ்சள் ஜாக்கெட், கறுத்த முகம், சுருள் முடியில் பனித்துளி, மூச்சிரைத்தபடி சிரிக்கிற ஒரு பெண். பெயர் லேயா, வனுவாட்டு தீவுக்காரி, பழம் பறிக்கிற வேலை. ஏற்றிக்கொண்டோம். எனக்குத் தெரிந்த ஷிப்டு இங்கிலீஷில் விசாரித்தேன்.

"எங்கள் தோட்டத்து வேன் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது" என்றாள். "உள்ளே எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. நீங்களும் என்னைத் தாண்டித்தான் போனீர்கள். கையைக் காட்டினேன். போய்விட்டீர்கள் என்றே நினைத்தேன். அப்புறம் பார்த்தால் விளக்கு அடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்."

தாண்டிப் போனோமாம். அவள் நின்ற பக்கம் என் பக்கம். என் ஜன்னலுக்கு நேராகக் கை காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். லேயாவைத் தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டோம். அவள் இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடினாள். வேலை வரிசையில் போய் நிற்கும்வரை இவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். பெருங்குரலில், ஊர் கேட்கிற மாதிரி. கேட்கத்தான் ஊர் இல்லை. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, "பசிக்குது கௌரி, உப்புமா கிண்டேன்" என்றார். நான் கிண்டினேன். இரண்டு தட்டு சாப்பிட்டார். அதற்குப்பிறகு அன்று முழுவதும் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை.

எனக்கு மட்டும் கணக்கு உதைத்தது. லேயா உண்மையென்றால், பாலத்தருகே நின்ற பெண்? எரிந்த காட்டில் இரண்டு முறை? காட்டில் "யாருமே இல்ல" என்று சத்தியம் செய்தது நான். அவர் நிறுத்தினார். கிளம்பச் சொன்னவள் நான்தானே.

ஆறாம் நாள் வெயில் பளீரென்று அடித்தது. கடலுக்கும் சாலைக்கும் நடுவில் கரும்புத் தோட்டங்கள். இவர் ஒரு கையை ஜன்னலில் வைத்து ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டு ஓட்டினார். பழைய ஏழுமலை. பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. கான்ட்ராக்டரிடமிருந்து குரல் பதிவு வந்திருந்தது. "இன்னாம்மா, அண்ணன் வராரா இல்லியா? ஒரு வார்த்தை சொல்லு."

போனிலிருந்து தலையைத் தூக்கினேன். கரும்பு முடிகிற இடத்தில், ஒரு மதகுப் பக்கம், மஞ்சள் ஜாக்கெட் போட்ட பெண் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நில்லுங்க. ஆளு நிக்குது" என்றேன்.

ஒழுங்காக ஒதுங்கி நிறுத்தினார். இரண்டு கண்ணாடியும் பார்த்தார். என் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினார். பின்னால் நடந்துபோய், மதகடியில் குனிந்து பார்த்து, கரும்புக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டுப் பார்த்துத் திரும்பினார். போகும்போதும் வரும்போதும் அவளைத் தாண்டித்தான் நடந்தார். அவள் கை இறங்கவில்லை.

"யாரும் இல்ல கௌரி. எறங்கியே பாத்துட்டன். உனக்குத் தூக்கம் இல்ல, அதான்" என்றார் மெதுவாக. என் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்து, கண்ணாடி பார்த்து, கியர் போட்டுக் கிளம்பினார்.

அவள் முத்துக்கனியா, நான் விட்டுவிட்டு வரச் சொன்னவர்களில் ஒருத்தியா, எனக்குத் தெரியாது. முத்துக்கனியை நான் பார்த்ததே இல்லை.

போனை எடுத்துப் பதில் பேசினேன். "ஊருக்கு வந்ததும் பஸ்ஸைக் குடுங்க. நல்லா ஓட்டறாரு. ஒரு கொறையும் இல்ல." அதில் பொய் ஒன்றும் இல்லை. அனுப்பிவிட்டு என் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். அவள் சாலையின் நடுவில் எங்களைத் துரத்தி ஓடிவந்துகொண்டிருந்தாள்.